நான்கு ஆண்டுகளும் என் சேமிப்பும் போன பிறகு புரிந்த ஒரு ஷாட்

நான் எடுத்த படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. வெளியே வரும்போது ஒவ்வொருவராக என் கையைப் பற்றிக்கொண்டு, "ஒளிப்பதிவு அழகாக இருந்தது" என்றார்கள். பதினொரு பேர் அதையே சொன்னார்கள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். படத்தில் வரும் பெண்ணைப் பற்றியோ, கணவன் இறந்த பிறகு அவள் தனியாக வாழும் அந்த வீட்டைப் பற்றியோ ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்த பணம் முழுவதும் அந்தப் படத்தில்தான் போயிருந்தது. அது போதாமல் வாங்கிய கடனுக்கு முப்பத்தாறு மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளும், வேலையில் இருந்தபடியே அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அதற்காகவே செலவாகியிருந்தன. கலைப்படம் ஒன்றை எடுத்துவிட்டேன் என்று அன்று மாலைவரை உண்மையாகவே நம்பியிருந்தேன். இரவு வீடு திரும்பியபோது, கலைப்படத்தின் அடையாளங்கள் எல்லாம் உள்ள, ஆனால் கலை இல்லாத ஒன்றை எடுத்திருக்கிறேன் என்பது தெரிந்தது. யாராவது முன்னரே என்னை நிறுத்திச் சில கேள்விகள் கேட்டிருந்தால் இவ்வளவு இழந்திருக்க மாட்டேன். அந்தக் கேள்விகளை இன்னொருவர் முன்கூட்டியே தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதை என் அத்தையிடமிருந்து பிறந்தது. மாமா இறந்த பிறகு அவர் வாழ்ந்த விதத்தை நான் அருகிலிருந்து பார்த்திருந்தேன். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. வீட்டு வேலைகளில் ஒன்றைக்கூட விடாமல் செய்துகொண்டிருந்தார். அந்த மௌனம் என்னை மிகவும் பாதித்தது. அதைப் படமாக எடுக்க வேண்டும் என்று தோன்றியதும், எப்படி எடுப்பது என்று தெரிந்துகொள்வதற்காக உலகப் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். நான் செய்த முதல் பிழை அங்கேதான் தொடங்கியது. படங்களைப் பார்க்கும்போது, இந்தக் காட்சி இங்கே ஏன் இப்படி இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. மேதைகளின் படங்களில் பொதுவாக எவை தென்படுகின்றன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: கருப்பு வெள்ளை, நீண்ட ஷாட் (நடுவில் வெட்டாமல் கேமரா ஒரே ஓட்டமாகப் பிடிக்கும் துண்டுதான் ஷாட்), குறைந்த வசனம், அசையாத கேமரா, விடை தராத முடிவு. இவை அனைத்தும் இருந்தால் படம் கலையாகிவிடும் என்று அன்று என்னிடம் கேட்டிருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பேன். மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதிவிட்டால் வைத்தியராகிவிடலாம் என்று நினைப்பதற்கு ஒப்பானது அது.

இரண்டாவது பிழை இன்னும் ஆபத்தானது, ஏனெனில் அது பணத்தோடு சம்பந்தப்பட்டது. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்த கதை எனக்கு மனப்பாடம். 1952 இல் படப்பிடிப்பைத் தொடங்கியவர், பணம் தீர்ந்து நிறுத்தி, காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, மீண்டும் தொடங்கி, கடைசியில் மேற்கு வங்க அரசின் உதவியோடு 1955 இல் படத்தை வெளியிட்டார். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளில் இந்த வரலாறுதான் எனக்குத் துணையாக இருந்தது. அவர் பட்ட கஷ்டத்தை நானும் படுகிறேன், ஆகவே நானும் சரியான வழியில்தான் போகிறேன் என்று எண்ணிக்கொண்டேன். அதே வரலாற்றின் மறுபாதியை நான் கவனிக்கவில்லை. ராய் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணிபுரிந்தவர். படத்தின் காட்சிகளைக் கேமரா தொடுவதற்கு முன்பே ஒரு நோட்டில் ஓவியங்களாக வரைந்து வைத்திருந்தார். பணம் இல்லாதபோதும் அவரிடம் படம் இருந்தது. என்னிடம் பணம் இருந்தது, ஏக்கம் இருந்தது, படம் இல்லை. ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: கடன் வாங்குவதற்கு முன், உங்கள் படத்தின் மிக முக்கியமான காட்சியைக் கைப்பேசியில், ஒரே அறையில், ஒரு செலவும் இல்லாமல் எடுத்துப் பாருங்கள். அதை உங்களைத் தெரியாத ஒருவர் பார்த்து அவர் மனம் அசைகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரத்தைச் செலவிடாததால்தான் எனக்கு நான்கு ஆண்டுகள் போயின.

படப்பிடிப்பு முப்பத்தொரு நாட்கள் நடந்தது. அத்தையையே நடிக்கக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசுவின் படங்களில் கேமரா மிகத் தாழ்வான உயரத்தில் இருக்கும். அதைப் பார்த்து நானும் படம் முழுவதும் கேமராவைத் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் வைத்தேன். ஓசுவின் மனிதர்கள் தரையில் பாய்மேல் அமர்ந்து வாழ்பவர்கள். அந்த உயரத்தில் கேமரா இருக்கும்போது நாமும் அந்த வீட்டுக்குள் அமர்ந்திருப்பதுபோல் இருக்கிறது. என் அத்தையின் வீட்டில் எல்லோரும் நாற்காலியில் அமர்ந்து மேசையில் சாப்பிடுகிறவர்கள். அந்த உயரத்திலிருந்து என் கேமரா பார்த்ததெல்லாம் மேசையின் அடிப்பலகையையும் நாற்காலிக் கால்களையும்தான். அத்தையின் முகம் சட்டகத்தின் மேல் விளிம்பில் எங்கோ இருந்தது. ஒளிப்பதிவாளர் ஒருமுறை, "அவங்க கை என்ன செய்யுதுன்னே தெரியலையே" என்றார். பாணி என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். இன்று அந்தப் பதிலை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அவர் கேட்டது படத்தைப் பற்றிய கேள்வி, நான் சொன்னது என்னைப் பற்றிய பதில்.

நீண்ட ஷாட் விஷயத்திலும் இதுதான் நடந்தது. ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் 'நாஸ்டால்ஜியா' (1983) படத்தின் இறுதிப் பகுதியில், நீர் வடிந்த ஒரு குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எரியும் மெழுகுவத்தியை அணையாமல் கொண்டுபோக ஒருவன் முயல்கிறான். வெட்டே இல்லாமல் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஓடும் ஷாட் அது. சுடர் அணைகிறது. திரும்பிப் போய் மீண்டும் ஏற்றி முதலிலிருந்து நடக்கிறான். மறுபடியும் அணைகிறது. மூன்றாவது முறை அவன் நடக்கும்போது நம் மூச்சே அந்தச் சுடரை அணைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நடுவில் ஒரு வெட்டு வந்திருந்தால் அவன் உண்மையாகவே அந்தத் தூரத்தைக் கடந்தானா என்ற ஐயம் வந்திருக்கும். நேரத்தை நாமும் அவனோடு சேர்ந்து கொடுத்ததால்தான் மறுகரை நமக்குப் பொருள்படுகிறது. நான் அதைப் பார்த்துவிட்டு, அத்தை நீண்ட நடைக்கூடத்தில் 3 நிமிடம் 40 விநாடி நடந்து வரும் ஒரு ஷாட்டை எடுத்தேன். அவர் எங்கிருந்து வருகிறார், வழியில் எதை இழக்கக்கூடும், வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்ற எதற்கும் என்னிடம் விடை இல்லை. அந்த ஒரு ஷாட்டுக்காக ஒரு முழு நாள் வாடகையும் பதினான்கு டேக்குகளும், அதாவது அதே ஷாட்டைப் பதினான்கு முறை எடுத்ததும், போயின. பத்தாவது டேக்கில் அத்தைக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. அவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. பிறகு எடிட்டிங்கில் அவர் நடையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பணம் எங்கே போயிற்று என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. செலவில் ஏறக்குறைய பாதி கேமராவுக்கும் லென்ஸ்களுக்கும் தினவாடகையாகப் போனது. ஒலிக்கு மிஞ்சியது மிகக் குறைவு. மைக்கை அனுபவமில்லாத ஒருவரிடம் கொடுத்தோம். எந்த அறையிலும் ரூம் டோன் பதிவு செய்யவில்லை. ஒரு அறையில் யாரும் பேசாமல் அசையாமல் நின்று அந்த அறையின் வெறுமையை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வதுதான் ரூம் டோன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம் உண்டு. ஒரு அறையின் மௌனம் இன்னொரு அறைக்குப் பொருந்தாது. மௌனத்தைப் பற்றிப் படம் எடுக்கப் போன நான் மௌனத்தைப் பதிவு செய்யாமல் வந்துவிட்டேன். எடிட்டிங்கில் வசனத்துக்கு நடுவே ஒலி அறுந்து அறுந்து விழுந்தது, அதை மறைக்க இசையைப் போட்டோம். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் படப்பிடிப்பு முடியும்வரை தொடாமல் வையுங்கள். படத்தொகுப்பு, ஒலிக்கலவை, நிறச் சரிசெய்தல் எல்லாம் அதில்தான் நடக்க வேண்டும். படப்பிடிப்பு முடியும்போது கையில் ஒன்றும் இல்லாதவர் படத்தை முடிப்பதற்காக மீண்டும் கடன்தான் வாங்குவார். நான் அப்படித்தான் வாங்கினேன்.

அந்த இசை செய்த சேதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கணவனின் சட்டையை மடிக்கும்போது அந்தப் பெண் உடைந்து அழுவதாக நான் எழுதியிருந்தேன். அத்தை அழுதார். நான் கேட்டுக்கொண்டதால் அழுதார். அதன்மேல் வயலின் இசையைப் பரப்பினோம். 'பதேர் பாஞ்சாலி'யில் மகளைப் பறிகொடுத்த சர்போஜயா, வெளியூரிலிருந்து திரும்பிய கணவனுக்கு முன் உடைந்து கதறும் காட்சி இருக்கிறது. அங்கே அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்னும் நரம்பிசைக் கருவியின் உச்ச ஸ்வரம் ஒலிக்கிறது. பலமுறை பார்த்த காட்சிதான். ஆனால் குரலை எடுத்துவிட்டதால்தான் அந்த அழுகை நம் காதுக்குள் நுழைகிறது என்பதை என் படம் தோற்ற பிறகே உணர்ந்தேன். அங்கே இசை அழுகையின் இடத்தில் நிற்கிறது. என் படத்தில் இசை அழுகையின் மேல் ஏறி நின்று, இது சோகம், இது சோகம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பார்ப்பவர் தாமாக உணர்வதற்கு ஒரு இடம்கூட விட்டுவைக்கவில்லை.

படம் முதலில் 107 நிமிடம் இருந்தது. திரைப்பட விழாக்களுக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. இருபத்தாறு விழாக்கள் மறுத்தன, பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு வரி மின்னஞ்சலில். பயந்துபோய் 52 நிமிடமாகக் குறைத்து மீண்டும் அனுப்பினேன். அது இன்னொரு அறியாமை. ஆஸ்கர் விதிகளில் 40 நிமிடத்துக்கு மேற்படாததுதான் குறும்படம். பல விழாக்களின் வரம்பு அதைவிடவும் குறைவு. 52 நிமிடப் படம் குறும்படப் பிரிவிலும் சேராது, முழுநீளப் பிரிவிலும் எளிதில் இடம் பெறாது. கட்டணம் கட்டுவதற்கு முன் நீள விதியையும், வேறெங்கும் திரையிடாத படம்தான் வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். விழாவின் மறுப்பைப் படத்தின் மதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். என் விஷயத்தில் அவர்கள் மறுத்தது சரிதான் என்று இன்று நினைக்கிறேன். ஆனால் ஏன் என்று எழுதி அனுப்ப எவருக்கும் நேரம் இல்லை, எனவே அதை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நாற்பது பேருக்குத் திரையிட்ட அந்த மாலைக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் என்னால் எந்தப் படத்தையும் பார்க்க முடியவில்லை. பழைய வேலை கிடைக்கவில்லை, குறைந்த சம்பளத்தில் வேறொன்றில் சேர்ந்தேன். கூட வேலை செய்தவர்கள் அவரவர் வழியில் போய்விட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றையும்விட என்னை அரித்தது அத்தையைப் பற்றிய எண்ணம்தான். அவருடைய துக்கத்தை வாங்கிக்கொண்டு போய் அழகான ஒளியில் வைத்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்ற குற்ற உணர்வு. பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம். ஒருவர் நம்பிக் கொடுத்த வாழ்க்கையை வீணாக்கிவிட்டோம் என்பதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த நாட்களில் இதைப் பேசுவதற்கு ஒருவர்கூட இல்லை. தொடங்கும் முன்பே, படம் ஓடினாலும் தோற்றாலும் உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவரை உங்களுக்கென்று தேடி வைத்துக்கொள்ளுங்கள். படக்குழுவில் இருப்பவர் அதற்கு ஆக மாட்டார்.

மாற்றம் ஒரு சோதனையில் தொடங்கியது. ஒருநாள் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு என் படத்தைப் பார்த்தேன். யார், யாரை, ஏன் என்று ஒன்றும் புரியவில்லை. அழகான ஒளியில் ஒருவர் நடக்கிறார், நிற்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார். பிறகு திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். எல்லாம் புரிந்தது. வசனமும் இசையும் கதையை முழுவதுமாகச் சொல்லிவிட்டன. அப்படியானால் நான் எடுத்தது படங்கள் ஒட்டிய வானொலி நாடகம். இதைப் போன்ற ஒன்றை ஜெர்மன் கலைக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் ஆர்ன்ஹைம் 1932 இலேயே எழுதியிருந்ததைப் பிறகு படித்தேன். திரைப்படம் உலகத்தை அப்படியே நகலெடுப்பதில்லை. அதற்கு ஆழம் இல்லை, தட்டையான திரைதான் இருக்கிறது. நான்கு விளிம்புகள் பார்வையை வெட்டுகின்றன. ஒரு கணத்திலிருந்து இன்னொரு கணத்துக்குத் தாவுகிறது. இந்தக் குறைகளாலேயே அது கலையாக முடியும் என்பது அவர் வாதம். பிரெஞ்சுத் திரைப்பட விமர்சகர் ஆந்த்ரே பஸான் இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தவர், வெட்டித் துண்டாக்காமல் உலகத்தை முழுமையாகப் பார்க்கவிடுவதையே பெரிதாக மதித்தவர். இருவரில் யார் சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்குத் தேவைப்பட்டது இருவரிடமும் பொதுவாக இருந்தது: காட்டும் முறையே பொருளாக வேண்டும். என் படத்தில் பொருள் ஒருபுறமும் காட்டும் முறை இன்னொருபுறமும் கிடந்தன. உங்கள் படத்தை இந்த இரண்டு விதமாகவும், ஒலியில்லாமல் ஒருமுறை, காட்சியில்லாமல் ஒருமுறை பாருங்கள். இதைப் படப்பிடிப்புக்கு முன், திரைக்கதையை வைத்தும் செய்யலாம். வசனத்தையெல்லாம் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்தால் போதும்.

அதன் பிறகுதான் அந்த ஷாட். ஹார்டு டிஸ்க்கில் இடம் வேண்டியிருந்ததால் பயன்படுத்தாத டேக்குகளை அழித்துக்கொண்டிருந்தேன். சட்டை மடிக்கும் காட்சியில் முதல் டேக்கைத்தான் படத்தில் வைத்திருந்தேன், அத்தை அழுவது அதில்தான். இரண்டாவது டேக்கின் குறிப்பில் 'ஃபோகஸ் தவறு, வேண்டாம்' என்று என் கையெழுத்தே இருந்தது. அழிப்பதற்கு முன் ஓடவிட்டேன். உதவியாளர் ஃபோகஸை முகத்துக்கு நகர்த்தத் தவறியிருந்தார். முகம் மங்கலாகவும் கைகள் கூர்மையாகவும் இருந்தன. அத்தை சட்டையை விரிக்கிறார். பிறருக்குக் கொடுப்பதற்காகக் கட்டிவைத்த மூட்டையில் சேர வேண்டிய சட்டை அது. நெஞ்சுப் பகுதியில் ஒரு பொத்தான் நூலில் தொங்குகிறது. கை நிற்கிறது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தொங்கும் நூலைப் பிடித்து, பொத்தானின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குகிறார், பிறகு உட்கார்ந்து தைக்கப் போகிறவர் செய்வதைப்போல. உள்ளங்கையால் அதை ஒருமுறை அழுத்துகிறார். சட்டையை மடிக்கிறார், மூட்டையில் வைக்கிறார். 19 விநாடி. அவர் அழவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை, நான் சொல்லிக்கொடுத்த எதையும் செய்யவில்லை. அன்று நான் அவருக்கு இரண்டு அடி தொலைவில் நின்றுகொண்டு மானிட்டரில் மங்கலான முகத்தைப் பார்த்து எரிச்சலில் கட் சொல்லியிருக்கிறேன். கைகளைப் பார்க்கவே இல்லை.

அந்த 19 விநாடியோடு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள், என்றால் 456 பிரேம்கள். முதலில் நூலைப் பிடிக்கும் இடத்தில், எட்டாவது விநாடியில் வெட்டினேன். பொத்தான் தொங்குகிறது என்ற தகவல் மட்டும் கிடைத்தது. சுற்றி முடித்த இடத்தில், பதினான்காவது விநாடியில் வெட்டினேன். நல்ல மனைவி என்ற பாராட்டுப்போல இருந்தது. மூட்டையில் வைத்துக் கை விலகும்வரை விட்டபோதுதான், இனி இந்தச் சட்டையை அணியக் கணவர் இல்லை என்பதும், கைக்கு அது இன்னும் தெரியவில்லை என்பதும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அடுத்து எதை வைப்பது என்பது இன்னொரு போராட்டம். சோவியத் இயக்குநர் குலஷோவ் செய்த சோதனையைச் சினிமா படிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள்: உணர்ச்சி காட்டாத ஒரே முகத்துக்கு அடுத்து ஒரு கிண்ணம் சூப்பையும் ஒரு சவப்பெட்டியையும் ஒட்டினால், பார்ப்பவர் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் காண்கிறார். நான் பொத்தானுக்கு அடுத்து மாமாவின் புகைப்படத்தை வைத்துப் பார்த்தேன். எல்லாம் கெட்டுப்போனது, வயலின் மீண்டும் வந்ததுபோல் இருந்தது. வெற்றுச் சுவரில் சட்டை மாட்டும் ஆணியை வைத்தேன், அதுவும் அதிகப்படியாகத் தெரிந்தது. கடைசியில் மறுநாள் காலை அத்தை கதவைத் திறக்கும் சாதாரணமான ஷாட்டை வைத்தேன். அது பொருந்தி நின்றது.

அப்போதுதான் பிற படங்களை மீண்டும் பார்க்க முடிந்தது, இந்த முறை ஏன் என்ற கேள்வியோடு. பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அக்கர்மனின் 'ழான் டீல்மன்' (1975) 201 நிமிடம் ஓடுகிறது. ஒரு பெண்ணின் மூன்று நாள் வீட்டு வேலைகளை ஏன் அவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று முன்பு பொறுமையிழந்திருந்தேன். முதல் நாளின் ஒழுங்கை நாம் நம் உடம்பில் ஏற்றிக்கொண்டால்தான், இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அதிகமாக வெந்துபோவது ஒரு பேரிடியாக விழும். அதற்காகத்தான் அவ்வளவு நேரம். அதேபோல, மெதுவான படம்தான் கலை என்ற என் பழைய எண்ணத்தை உடைத்தவர் மௌனப்பட கால அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) ஒரு நகைச்சுவைப் படம். அதில் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் பெயர்ந்து அவர்மேல் விழுகிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வருவதால் தப்புகிறார். சில விநாடிதான். ஒரே அகலமான ஷாட்டில், வெட்டில்லாமல், முழு உடலும் முழுச் சுவரும் தெரியும்படி எடுக்கப்பட்டிருக்கிறது. அருகில் போயிருந்தாலோ வெட்டியிருந்தாலோ அது வெறும் தந்திரம். அந்தத் தூரமும் அந்த வெட்டின்மையும்தான் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதையும் எவ்வளவு தற்செயலாக உயிரோடு இருக்கிறான் என்பதையும் சொல்கின்றன. வேகமும் மெதுவும், சிரிப்பும் அழுகையும், கூட்டம் பார்ப்பதும் பார்க்காததும் இதில் சம்பந்தமே இல்லை. கேமராவின் தூரம், ஷாட்டின் நீளம், வெட்டு விழும் இடம், கேட்கும் ஒலி, கேட்காத ஒலி ஆகியவற்றில் ஒன்றை மாற்றினால் பொருளே மாறிவிடும் என்ற நிலையில் ஒரு படம் இருக்கும்போது அதைக் கலை என்று சொல்லத் தயங்க மாட்டேன். ஒன்பது நிமிட மெழுகுவத்தியை நான்காகக் குறைக்க முடியாது. என் நடைக்கூட ஷாட்டை எந்த இடத்தில் வெட்டினாலும் யாருக்கும் எந்த இழப்பும் இருந்திருக்காது.

படத்தை முதலிலிருந்து தொகுத்தேன். நடைக்கூடம் போனது, வயலின் போனது, மேசைக்கடியில் எடுத்த பெரும்பாலான ஷாட்கள் போயின. 107 நிமிடத்தில் 26 நிமிடம்தான் மிஞ்சியது. அதிலும் நான் திட்டமிட்டு எடுத்தவை ஏறக்குறைய பாதிதான். அறைகளின் மௌனத்தைப் பதிவு செய்ய ஒரு மைக்கோடு மீண்டும் அத்தை வீட்டுக்குப் போய் ஒவ்வோர் அறையிலும் அசையாமல் நின்றேன். இந்த முறை என்னை அறியாதவர்களை மூன்று மூன்று பேராக அழைத்துக் காட்டினேன். பிடித்திருந்ததா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு மரியாதைதான் பதிலாக வரும். என்ன நடந்தது என்று சொல்லுங்கள், எந்த இடத்தில் உங்கள் கவனம் வெளியே போனது, நாளை எந்தக் காட்சி நினைவிருக்கும் என்ற மூன்றை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். யாரும் ஒளிப்பதிவைப் பற்றிப் பேசவில்லை. ஒன்பது பேரில் ஏழு பேர் பொத்தானைச் சொன்னார்கள். ஒருவர் அதைச் சொல்லும்போது தன் சட்டையின் பொத்தானைத் தொட்டுக்கொண்டே சொன்னார். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு டேக்கையும் அழிக்காதீர்கள், வெவ்வேறு இடங்களில் மூன்று பிரதிகளாக வையுங்கள். அன்று இன்னும் பத்து நிமிடம் அவசரப்பட்டிருந்தால் அந்த டேக் போயிருக்கும். அன்றன்றைய காட்சிகளை அன்றிரவே, தவறானவை என்று ஒதுக்கியவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசித் தவணையைக் கட்டிய மாதத்தில் அத்தைக்குப் படத்தைக் காட்டினேன். முதல் பதிப்பைப் பார்த்தபோது அவர், "நல்லா இருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தார். இந்த முறை மடிக்கணினிக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பொத்தான் ஷாட் வந்தபோது நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். திரைக்கு அருகில் குனிந்து தன் விரல்களையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் செய்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். "அந்தச் சட்டை உன்கிட்டதானே இருக்கு?" என்றார். படப்பிடிப்புப் பொருட்களோடு பெட்டியில் இருக்கிறது என்றேன். "அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வா. தைக்காமலே விட்டுட்டேன் பாரு."